நான் காத்திருந்ததாகச் சொன்ன படம்

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு மனம் சரியில்லாமல் போனால் அதை வைத்து ஒரு படம் எடுக்கலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் அந்த வயதில் கோயில் சபையில் பதவி கேட்பார்கள். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சண்டை பிடிப்பார்கள். இல்லாவிட்டால் என் மருந்துக்கடைக்கு வந்து பிரஷர் குளிசை வாங்கிவிட்டுப் போகாமல் நின்று சீனி வருத்தத்தைப் பற்றிக் கதைப்பார்கள். அதனால் யாருக்கும் பெரிய சேதம் இல்லை. இப்போது அவர்கள் கைக்குக் கமரா வந்துவிட்டது.

கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவர் கடைக்கு வந்தார். தலைமயிர் முழுக்க மை பூசிய கறுப்பு, மீசை வெள்ளை. மீசையை ஏன் விட்டுவைத்தார் என்று தெரியவில்லை. மற்றவர்கள் மருந்து வாங்கிப் போகும்வரை கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். களவு எடுக்க வந்தவரோ என்றுதான் முதலில் நினைத்தேன். கடை வெறுமையானதும் முன்னால் வந்து, மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்னைத் தெரியுதா?"

"மருந்துத் துண்டு கொண்டு வந்தனீங்களா?" என்றேன்.

அவர் சிரித்தார். நான் பகிடி விட்டதாக நினைத்துக்கொண்டார். பிறகு தானே சொன்னார்: கனடாவில் இருந்து வந்திருக்கிறாராம், முன்பு நாங்கள் ஒரே ரியூட்டரியில் கெமிஸ்ற்றி படித்தோமாம். அந்த ரியூட்டரி ஒரு ஓலைக் கொட்டகை. ஊரில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் அதற்குள் நெரிபட்டு இருந்தோம். படிப்பித்தவரின் முகமே எனக்கு இப்போது தெளிவாக இல்லை. "ஓ, அப்படியா" என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். கடைக்காரர்களுக்கு இந்தப் பதில் எப்போதும் கைவசம் இருக்கும்.

தான் ஒரு படம் எடுக்க வந்திருப்பதாகச் சொன்னார். வெளிநாட்டில் வாழ்ந்து சலித்த ஒருவர் திருகோணமலைக்குத் திரும்பி வருகிறார். பழைய பள்ளிச் சிநேகிதர்கள் இருவரோடு வள்ளத்தில் ஏறிக் கொட்டியார் குடாவைச் சுற்றுகிறார். குடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், செய்யாமல் விட்டதையெல்லாம் நினைத்து அழுகிறார்கள்.

"பகிடியும் இருக்கும், அழுகையும் இருக்கும். வாழ்க்கை மாதிரி" என்றார்.

வாழ்க்கை எப்படி இருக்கும் என்று இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. அவருக்கு என் வீடு தேவைப்பட்டது. ஓர்ஸ் ஹில்லில், மேல்மாடி விறாந்தையில் நின்றால் உள்துறைமுகம் முழுக்கத் தெரியும் வீடு. ஏலாது என்றேன். "யோசியுங்கோ" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டு, வெயிலுக்குள் மெதுவாக இறங்கிப் போனார். நடக்கிற நடையைப் பார்த்தால் அப்போதே யாரோ படம் பிடிப்பது போல இருந்தது.

அன்று பின்னேரம் சிநேகிதி வந்ததும் சொன்னேன். சிநேகிதி என்றால் எனக்கு ஒருத்திதான். கட்டைபறிச்சானில் இருந்து உயர்தரம் படிக்க வந்து, எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தவள். அந்த நாளில் இருந்து இன்றுவரைக்கும் என்னை ஏசுவதற்கென்றே வருகிறாள். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை என்று மருத்துவமாது வேலைக்குப் போனாள். ஒரு லொறிச் சாரதியைக் கட்டினாள். நல்ல மனிதர், மாரடைப்பில் போய்விட்டார். மகன்கள் இருவரும் டோஹாவில். பென்சன் எடுத்தபிறகு என் வீட்டுக்குப் பின் ஒழுங்கையில் வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டாள். பின்னேரம் ஆனால் வருவாள், தேத்தண்ணி குடிப்பாள், என் குசினியில் எது எங்கே பிழையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவாள்.

"ஆர் உந்தக் கனடாக்காரர்?" என்று கேட்டாள்.

அடையாளம் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "கண்ணாடி போட்டிருக்கிறாரா?" என்றாள்.

"ஓம். ஏன்?"

"சும்மா கேட்டனான். வீட்டைக் குடன். பகலில பூட்டித்தானே கிடக்குது."

"கண்டறியாத படத்துக்கு நான் ஏன் வீடு குடுக்கோணும்?"

"உனக்கு எல்லாம் கண்டறியாததுதான். ஊருக்குள்ள ஒரு புதினம் நடக்குது, அதையும் கெடுக்கப்போறாய்."

வீட்டைக் கொடுத்தேன்.

படத்தின் கதையை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு என் வீட்டு மண்டபத்திலேயே கூடினார்கள். இயக்குனர்தான் கதாநாயகன். சிநேகிதர்களாக நடிக்க அவருடைய உண்மையான பள்ளிச் சிநேகிதர்களையே பிடித்து வந்திருந்தார். ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், மற்றவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். பக்கத்துப் பக்கத்து வளவுக்காரர்களான இந்த இருவருக்கும் எல்லையில் நின்ற ஒரு வேப்பமரத்தை வெட்டிய நாளில் இருந்து பேச்சுவார்த்தை இல்லை. இது ஊருக்கே தெரியும், இயக்குனருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் ஒன்றும் கேட்கவும் இல்லை. இருவரும் என் கதிரைகளில் ஆளையாள் பாராமல் இருந்துகொண்டு, "மச்சான், நீ இல்லாத வாழ்க்கை ஒரு வாழ்க்கையாடா?" என்று தாளைப் பார்த்து வாசித்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்த கமராக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு விறாந்தைப் பக்கம் எழும்பிப் போனார்.

கதையின் நடுவில் ஒரு பெண் வந்தாள். துறைமுகம் தெரிகிற மாடி வீட்டில் தனியாக இருப்பவள். புத்தகக்கடை நடத்துபவள். கலியாணம் செய்யாதவள். படிக்கிற காலத்தில் ஒவ்வொரு நாளும் ஒருவனைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனவள். அவன் வெளிநாடு போய்விட்டான். அவள் விறாந்தையில் நின்று கடலைப் பார்த்தபடி தலை நரைத்துப்போகிறாள். அவன் திரும்பி வந்து கீழே நிற்கும்போது அவளுக்கு ஒரே ஒரு வசனம்: "வருவீங்கள் எண்டு தெரியும்."

மேசைக்குக் கீழே சிநேகிதி என் காலை மிதித்தாள். அவளைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் எழும்பியபிறகு இயக்குனரிடம் கேட்டேன். "உந்தப் பொம்பிளை ஆர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கற்பனைதான். ஆனா ஒரு உண்மை இல்லாமல் கற்பனை வராது" என்று சொல்லிவிட்டு, நான் வெட்கப்படுவதற்கு இடம் விடுவது போல யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மருந்துக்கடையைப் புத்தகக்கடை ஆக்கிய அளவுக்குத்தான் அவருடைய கற்பனை. புத்தகக்கடைக்காரி காத்திருந்தால் காதல், மருந்துக்கடைக்காரி காத்திருந்தால் வியாபாரம் என்று நினைத்திருப்பார். நான் ஏன் கலியாணம் செய்யவில்லை என்பதற்கு ஒரு கதையும் இல்லை. அம்மா சிறுநீரகம் பழுதாகிப் பல வருஷம் படுக்கையில் இருந்தார். தம்பிமார் வெளிநாடு போய்விட்டார்கள். பேசி வந்த மாப்பிள்ளைகளில் ஒருவர் கடையைப் பூட்டச் சொன்னார். இன்னொருவருக்கு வாய் மணம், அதை அவரிடம் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. அம்மா போனபிறகு வீடு அமைதியாக இருந்தது, அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போயிற்று. இதில் எந்த இடத்திலும் ரியூட்டரி வாசலில் நின்ற பெடியன் ஒருவன் இல்லை. ஒரு பெண் தன்பாட்டில் இருந்தால் அதற்கு ஓர் ஆண்தான் காரணமாக இருக்கவேண்டும் என்பது இவர்களுடைய கணக்கு. அந்த ஆண் தானாகவே இருக்கவேண்டும் என்பது இவருடைய கணக்கு.

அந்தப் பாத்திரத்துக்குக் கொழும்பில் இருந்து வரவேண்டிய நடிகை கடைசி நேரத்தில் வரவில்லை. கதையை வாசித்திருப்பார், புத்திசாலி. இயக்குனர் நேரே என் சிநேகிதியிடம் போய் என்னை அதில் நடிக்கச் சம்மதிக்க வைக்கச் சொல்லியிருக்கிறார்.

"எனக்காகச் செய்யடி. ஒருக்காத்தான்" என்றாள் அவள்.

"உனக்கு விசரா? அந்த ஆள் என்னை வைச்சுத்தான் உந்தக் கதையை எழுதியிருக்கிறார். ஊரெல்லாம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எனக்கும் ஒரு துண்டு தாறன் எண்டவர். பக்கத்து வீட்டுக்காரி. தேத்தண்ணி கொண்டு வாறது."

இத்தனை காலத்தில் அவள் எனக்குக் கட்டளை போட்டிருக்கிறாள், ஏசியிருக்கிறாள், கதவை அடித்துச் சாத்தியிருக்கிறாள். எனக்காகச் செய் என்று கேட்டதில்லை. அதனால் சம்மதித்தேன்.

முதலில் இறங்குதுறையில் எடுத்தார்கள். மூதூருக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் லோஞ்சுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். வங்கியும் அதிபரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழவேண்டும். முதல் தடவை இருவருக்கும் நடுவில் ஒரு மூட்டை அரிசி வைக்கக்கூடிய இடைவெளி இருந்தது. "இன்னும் இறுக்கி, இன்னும் இறுக்கி" என்று இயக்குனர் கத்தினார். திரும்பத் திரும்பக் கட்டிப்பிடித்தார்கள். கடைசியில் அதிபரின் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் வந்தது. இயக்குனர் கைதட்டினார். வங்கியின் சேட்டுப் பையில் இருந்த பேனை அதிபரின் நெஞ்சில் குத்தியதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. "வெட்டு" என்றதும் இருவரும் உடுப்பைத் தட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய், ஆளுக்கொரு ஓட்டோவில் ஏறினார்கள். "நாப்பது வருஷச் சிநேகிதம், என்ன வடிவா வருது பாருங்கோ" என்று இயக்குனர் கமராக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் வீட்டு வாசலுக்கு ஒரு மான் வந்தது. இந்த ஊரில் மான் வருவது புதினமா? குப்பை வாளியைக் கவிழ்த்து, ஷொப்பிங் பையைத் தின்றுவிட்டு, வயிறு ஊதிச் சாகிற மான்கள். இயக்குனர் மூச்சை அடக்கிக்கொண்டு, "எடுங்கோ, எடுங்கோ, இது ஒரு அடையாளம்" என்றார். என்னத்துக்கு அடையாளம் என்று கமராக்காரர் கேட்டார். "இழந்த இளமைக்கு" என்றார். அந்த நேரத்தில் மான் என் பூச்சட்டியில் இருந்த செடியை வேரோடு இழுத்துக்கொண்டிருந்தது.

பிரச்சினைக் காலமும் படத்தில் வந்தது. ஒரு வள்ளம், தூரத்தில் ஷெல் சத்தம், பிறகு வயலின். அவ்வளவுதான். என் சிநேகிதி அந்தக் காலத்தில் இடம்பெயர்ந்த சனத்தோடு நடந்து போனவள். இலங்கைத்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், வகுப்பறை மேசையில் வைத்து, டோர்ச் வெளிச்சத்தில் பிள்ளைப்பேறு பார்த்தவள். அன்று பிறந்த பிள்ளை இப்போது மூதூரில் கடை வைத்திருக்கிறான், அவளைக் கண்டால் எழும்பி நிற்பான். இதில் ஒன்றும் இயக்குனருக்குத் தெரியாது. அவளிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, தேத்தண்ணித் தட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்க ஏலுமா என்பதுதான்.

பிறகு விறாந்தைக் காட்சி. எனக்கு ஒரு சாம்பல் நிறச் சேலையைக் கட்டிவிட்டு, முகத்தில் இன்னும் கொஞ்சம் சுருக்கம் கீறினார்கள். இருப்பது போதாதாம். கீழே முற்றத்தில் கதாநாயகன் தோளில் பையோடு நின்று அண்ணாந்து பார்த்தார். நான் வசனம் சொல்லவேண்டும். முதல் தடவை சிரித்துவிட்டேன். அடுத்த தடவை, "வருவீங்கள் எண்டு தெரியும், செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்றேன். அது வேண்டுமென்று சொன்னதில்லை, வீட்டுப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. அதற்கு அடுத்த தடவை கடைக்கு மருந்துக் கொம்பனிக்காரர் வருவதை நினைத்துக்கொண்டு சொன்னேன். கடன் கேட்கப் போகிறவள் மாதிரி இருக்கிறது என்றார் கமராக்காரர்.

இயக்குனர் படியேறி வந்தார். எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்தார்.

"உங்களுக்குள்ள இருக்கிறதை ஏன் மறைக்கிறியள்? நான் எல்லாம் விளங்கித்தான் எழுதினனான். நானும் ஒவ்வொரு நாளும் நினைச்சுக்கொண்டுதான் இருந்தனான். அந்த முப்பது, நாப்பது வருஷத்தையும் அந்த ஒரு வசனத்தில கொண்டு வாங்கோ."

கையை இழுத்துக்கொண்டேன். "எந்த வருஷத்தை? எனக்கு உங்களை ஞாபகமே இல்லை."

"அப்படிச் சொல்லாதேங்கோ. ரியூட்டரி விட்டு வரேக்க ஒவ்வொரு நாளும் சந்தியில நிண்டு திரும்பிப் பாத்தனீங்கள். நான் எதிர்ப்பக்கம் சைக்கிளோட நிண்டனான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. திரும்பிப் பார்த்தது உண்மை.

"நான் பாத்தது இவளை" என்றேன், தட்டோடு கதவடியில் நின்ற சிநேகிதியைக் காட்டி. "இவள் ஒவ்வொரு நாளும் செருப்பு வார் அறுந்துபோச்சு எண்டு பின்னால நிண்டுவிடுவாள். வாறாளோ எண்டு பாக்கத்தான் திரும்பினனான். நீங்கள் அங்க நிண்டது எனக்குத் தெரியாது."

கமராக்காரர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வங்கியும் அதிபரும்கூட, மரம் வெட்டிய நாளுக்குப் பிறகு முதல்தடவையாக, ஒரே விஷயத்துக்கு ஒன்றாகச் சிரித்தார்கள். இயக்குனர் விறாந்தைக் கதிரையில் இருந்தார். முகம் தொங்கிப்போயிற்று. எனக்குப் பாவமாக இருக்கவில்லை. ஒரு மனிதர் என்னைக் கேட்காமல் என்னை வைத்து ஒரு சோகத்தைக் கட்டி, அதற்குள் இத்தனை காலம் சொகுசாகக் குடியிருந்திருக்கிறார். வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் முகம் தொங்குகிறது.

சிநேகிதி சிரிக்கவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றாள். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்த கோப்பைகள்.

"என்னடி?" என்றேன்.

திரும்பாமல் சொன்னாள். "என்ர செருப்பு வார் ஒருநாளும் அறுந்துபோகேல்ல."

எனக்கு உடனே ஏறவில்லை. பிறகு ஏறியது. அந்தச் சந்தி, எதிர்ப்பக்கம் சைக்கிளோடு நின்ற பெடியன், குனிந்து செருப்போடு மினைக்கெடுகிற இவள். இவள் அவனைப் பார்க்க நின்றிருக்கிறாள். இவளைக் காணவில்லை என்று நான் திரும்பியிருக்கிறேன். நான் திரும்பியதை அவன் தனக்கென்று எடுத்துக்கொண்டு கனடா வரைக்கும் கொண்டு போயிருக்கிறான்.

"அவரையா?" என்றேன். "உந்த ஆளையா?"

"அப்ப மீசை கறுப்பா இருந்தது."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா நீ சிரிச்சிருப்பாய்."

சிரித்துத்தான் இருப்பேன். அந்த வயதிலேயே நான் அப்படித்தான்.

ஆனால் கோபம் வந்தது. ஒரே அறையில் படுத்து, ஒரே விளக்கில் படித்து, அவளுடைய கலியாணத்துக்கு நான் தோழியாக நின்று, அவளுடைய மனிசனின் செத்தவீட்டில் அவளைத் தாங்கிப் பிடித்து, இவ்வளவும் செய்தபிறகு இது எனக்குத் தெரியாதா? போய் அந்த ஆளின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருகிறேன் என்று திரும்பினேன். சவர்க்கார நுரையோடு என் கையைப் பிடித்தாள்.

"சொன்னியெண்டா உன்ர வீட்டுப் படி மிதிக்கமாட்டன்."

சொல்லவில்லை. மற்றவர்கள் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் இயக்குனர் தேறிவிட்டார். இப்படிப்பட்டவர்கள் கெதியில் தேறிவிடுவார்கள். என்னைப் பின்பக்கத்தால் எடுத்துவிட்டு, வசனத்தை வேறு யாரையாவது வைத்துப் பேசவைக்கலாம் என்றார். அப்படியே கடலைப் பார்த்து நின்றேன். அதன்பிறகு பக்கத்து வீட்டுக்காரி தேத்தண்ணி கொண்டு வரவேண்டும். அவள் வந்தாள், தட்டை அவர் சொன்ன உயரத்தில் பிடித்தாள். கோப்பையை எடுத்துக்கொண்டு, அவளுடைய முகத்தைப் பாராமல், கதாநாயகன் சொன்னார்: "தாங்ஸ் அக்கா."

இருவருக்கும் ஒரே வயது.

அவள் போகாமல் நின்று அவரை மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்தாள். வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்த காலத்துப் பார்வை அது. நல்ல நடிப்பு என்று இயக்குனர் பாராட்டினார். கீழே இறங்கும்போது அவள் என்னிடம், "காலில வீக்கம் இருக்குது. கிட்னியைப் பாக்கச் சொல்லு" என்றாள். சொன்னேன். சப்பாத்து இறுக்கம் என்றார்.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவள் பின்னேரங்களில் வரவில்லை. நானும் போகவில்லை. ஒளித்தவள் அவள்தானே, வரட்டும் என்று இருந்தேன். எனக்குப் பிடித்தது என்று நான் சொல்லித் திரிகிற அமைதி வீட்டில் நிறையவே இருந்தது. தேத்தண்ணியை ஊற்றிவைத்துவிட்டு அது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் குசினியில் ஒரு பிழையும் சொல்ல ஆளில்லை. ஒரு பின்னேரம் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டுப் பின் ஒழுங்கைக்குப் போனேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வா. வாசல்ல நிண்டு படம் காட்டாத" என்றாள்.

உள்ளே போய் இருந்தேன். அவளே கதைத்தாள். மனிசனோடு சந்தோஷமாகத்தான் இருந்தாளாம், அதில் எனக்குச் சந்தேகம் வேண்டாமாம். கனடாக்காரரை வருஷக்கணக்காக நினைத்ததும் இல்லையாம். அவர் வந்திருக்கிறார் என்றதும் ஒருக்காப் பார்க்கவேண்டும் போல இருந்ததாம்.

"பாத்து?"

"பாத்தன். அந்த ஆள் ஒருத்தரையும் ஒண்டும் கேக்கேல்ல, கவனிச்சனியா? இவ்வளவு காலமும் எப்பிடி இருந்தனீங்கள், எங்க ஓடினீங்கள், உன்ர அம்மா எப்ப செத்தவ, ஒண்டும் கேக்கேல்ல. தன்ர கவலையைக் கொண்டு வந்தவர், அதைப் படம் பிடிச்சவர், கொண்டுபோயிட்டார்." மீனின் செதிலைச் சுரண்டியபடியே சொன்னாள். "இதுக்கு நான் ஒவ்வொரு நாளும் செருப்போட குனிஞ்சு நிண்டிருக்கிறன். இடுப்பு நோவு அப்பவே துவங்கியிருக்கும்."

அப்போது இருவரும் சிரித்தோம். அவள் கண்ணையும் துடைத்துக்கொண்டாள், மீன் கையோடு. நான் எழும்பிப்போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அதைப் பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை.

மாரி முடிந்தபிறகு நகரத்தில் ஒரு மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, ஆளுக்கு ஆள் பேச்சு. எல்லோருடைய பேச்சிலும் "இந்த மண்" வந்தது. வங்கியும் அதிபரும் முன்வரிசையில் இரண்டு அந்தத்தில் இருந்தார்கள். திரையில் கட்டிப்பிடித்து அழுதார்கள், சனம் கைதட்டியது, இருவரும் எழும்பி இரண்டு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்கள். மான் வந்தது. வயலின் வந்தது. பிறகு என் முதுகு வந்தது. முதுகுக்கு மேலே, சளி பிடித்த ஒருத்தியின் குரல் நடுங்கி நடுங்கி அந்த வசனத்தைச் சொன்னது. எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண் மூக்கை உறிஞ்சினார். தட்டோடு என் சிநேகிதி வந்த இடத்தில், மண்டபம் முழுக்க அமைதியாக இருக்கும்போது, என் பக்கத்தில் இருந்த அவளே பலமாகச் சிரித்தாள். தன்னைத் திரையில் கண்டு சிரித்தாளோ, தாங்ஸ் அக்காவுக்குச் சிரித்தாளோ, நான் கேட்கவில்லை. கனபேர் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள். கடைசியில் ஓடிய பெயர்களில் என் பெயர் "வீடு தந்து உதவியவர்" என்ற இடத்தில் இருந்தது. அவளுடைய பெயர் எங்கேயும் இல்லை.

வாசலில் இயக்குனர் எல்லோருடைய கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். என்னிடம், "இப்ப ஒரு பாரம் இறங்கின மாதிரி இருக்குது" என்றார். இறங்கியிருக்கும். அவ்வளவையும் என் தலையில் இறக்கிவிட்டு, அடுத்த கிழமை விமானம் ஏறிப் போய்விட்டார்.

படம் இப்போது போன்களில் ஓடுகிறது. அதனால் மாவட்டம் முழுவதும் நான் காத்திருந்தவள் ஆகிவிட்டேன். கிண்ணியாவில் இருந்து இன்சுலின் வாங்க வருகிறவர், மிச்சக் காசை எண்ணாமல் என் முகத்தைப் பார்த்து, "எவ்வளவு பொறுமை உங்களுக்கு" என்கிறார். பிரஷர் குளிசை வாங்குகிற ஒரு ஐயா, "அவர் திரும்பி வந்தவர்தானே பிள்ளை, அது போதும்" என்று ஆறுதல் சொன்னார். இல்லை என்று நான் விளக்கினால், பாவம், மறைக்கிறாள் என்று தலையை ஆட்டுகிறார்கள். ஒரு பொய்யை வயலினோடு சொல்லிவிட்டால் உண்மைக்கு ஊரில் இடமில்லை. நான் விளக்குவதை விட்டுவிட்டேன். விலையைச் சொல்கிறேன், மருந்தைக் கொடுக்கிறேன்.

விடாதவள் என் சிநேகிதிதான். இப்போது காலையிலும் கடைக்கு வந்து, உள்ளே கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறாள், யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க. போன கிழமை சேலை உடுத்த ஒரு பெரிய மனுசி இருமல் பாணிக்கு வந்து, என் கையைத் தடவி, "தங்கச்சி, இனியாவது கனடாவுக்குப் போங்கோவன், இவ்வளவு காலம் காத்திருந்தனீங்கள்" என்றார்.

அவள் கதிரையை விட்டு எழும்பி வந்தாள். "இவளா? இவள் ஒருத்தருக்காகவும் காத்திருக்கேல்ல, அம்மா. இவள் பஸ்ஸுக்குக்கூட நிக்கமாட்டாள்."

பெரிய மனுசி என்னைப் பார்த்தார். ஓம், ஓட்டோவிலதான் போறனான் என்றேன்.